நீலப் புட்டியைக் கழுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மருந்துப் புட்டிகள் சேகரிப்பவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘வினிகர் விட்டு அலசினால் பூச்சாடி ஆக்கிவிடலாம்’ என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்தவன் நான்.

போன மாதம் என் பேத்தி காரைக்குடியில் பழம்பொருள் கடையில் ஒரு நீலப் புட்டி வாங்கி வந்தாள். ஆறு பட்டை. ‘நாட் டு பி டேக்கன்’ (உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது) என்று கண்ணாடியிலேயே ஆங்கில எழுத்துப் புடைத்திருந்தது. பக்கத்துப் பட்டைகளில் மேலிருந்து கீழாக வரிவரியாக மேடு. “டிசைன் நல்லாருக்குல்ல தாத்தா?” என்றாள். டிசைன் இல்லையம்மா அது. ராத்திரி விளக்கில்லாமல் அலமாரியைத் துழாவுகிறவருக்கு, இது குடிக்கிற மருந்தல்ல என்று விரலுக்கே தெரியவேண்டும் என்பதற்காக வைத்தது. அடியில் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. பிரஷ்ஷும் கையுமாக நின்றவளிடமிருந்து புட்டியை வாங்கிவிட்டேன்.

அந்த வெள்ளை என்னவென்று கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. பாதரசப் பெர்குளோரைடு என்ற விஷ உப்பாகக்கூட இருக்கலாம்; சித்த வைத்தியர்கள் வீரம் என்பார்கள். கிருமியைக் கொல்வதில் அதற்கு இணையில்லை என்று 1881-ல் ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் காக் காட்டிய பிறகு, ஆயிரத்துக்கு ஒரு பங்கு கரைத்து ஆபரேஷன் அறைகளில் கை கழுவினார்கள். அந்த லோஷனில் கை புண்ணாகிப்போன ஒரு நர்ஸுக்காகத்தான் அமெரிக்காவின் பால்டிமோரில் டாக்டர் ஹால்ஸ்டெட் மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். ஒரு கிராம் உள்ளே போனாலே உயிர் போகலாம்.

பீனால் என்கிற கார்பாலிக் ஆசிடும் அப்படித்தான்; கிருமியைக் கொல்லும், ஆளையும் பதம் பார்க்கும். 1865-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் லிஸ்டர் எலும்பு முறிந்த புண்களில் அதை வைத்துச் சீழ் பிடிக்காமல் காத்தார். எத்தனையோ கால்களும் உயிர்களும் அதனால் தப்பின; அதை மறக்கக் கூடாது. ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சொட்டு என் கட்டைவிரலில் பட்டது. முதலில் எரியவே இல்லை. தோல் வெளுத்து மரத்துப்போனது. மரத்துப்போனதால் உடனே கழுவவும் தோன்றவில்லை. தோல் உரிந்து ஆற மூன்று வாரம் ஆயிற்று.

வாங்குகிறவர்கள் உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கும் புட்டியைத் திறக்கவோ, சுரண்டவோ, மோந்து பார்க்கவோ வேண்டாம். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். அப்படியே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுக்கிக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காலாவதி மருந்தும் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரும் வீட்டு அபாயக் கழிவு என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. எங்கள் ஊரில் அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ள ஆளில்லை. நகராட்சி மாதம் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும்.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், அந்த வினிகர் யோசனைக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
சிவகங்கை.