எழுவாய் எங்கே?

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போட்டதைக் கண்டித்து உன் ஆபீசில் ஓர் அறிக்கை சுற்றுக்கு வந்தது, நீ கையெழுத்துப் போடவில்லை என்றாய். எந்த நாட்டுப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில்தான் உலகம் இருக்கிறது. “இன்னொரு கண்டனம்ப்பா, அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நீ சொன்னது தப்பென்று சொல்ல நான் ஆளில்லை. முப்பது வருஷம் வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்த்தவன். கண்டனம் என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ! அதோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறாயா? கண்டனம் ‘தெரிவித்தார்’. ஊருக்கு வரும் தேதியைத் தெரிவிக்கிற மாதிரி. ஐ.நா. அறிக்கைகளில் ஓர் ஏணியே உண்டு. கீழ்ப்படியில் கவலை, அடுத்தது ஆழ்ந்த கவலை, அப்புறம் கண்டனம், அதற்கும் மேலே வன்மையான கண்டனம். எந்தப் படியில் நிற்பது என்று பல நாள் பேரம் நடக்கும். 2023 நவம்பரில் காஸா குழந்தைகளை முன்வைத்துப் பாதுகாப்பு சபை 2712 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியபோது, சண்டையை இடையிடையே நிறுத்த வேண்டும் என்று முதல் வரைவில் ‘கோருகிறது’ என்றிருந்தது. நிறைவேறியபோது அது ‘அழைப்பு விடுக்கிறது’ என்று இறங்கியிருந்தது. யாருடைய தாக்குதலையும் அது பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. அப்படி இறங்கி வந்தும் 12 ஓட்டுதான் கிடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டன.

நான் ஓய்வு பெற்ற 2018-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிப்ரவரி 20, இரவு ஷிப்ட். சிரியாவில் கிழக்கு கூட்டா மேல் குண்டுமழை. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் ஓர் அறிக்கை விட்டது. கொல்லப்பட்ட குழந்தைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எந்தச் சொல்லும் நியாயம் செய்யாது என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வெறும் மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. பத்து வரி அப்படியே காலி. இந்த வேதனையையும் எங்கள் கோபத்தையும் சொல்ல எங்களிடம் இனி வார்த்தை இல்லை, இதைச் செய்கிறவர்களிடம் நியாயம் சொல்ல இன்னும் வார்த்தை மிச்சமிருக்கிறதா என்று கடைசியில் ஒரு குறிப்பு. காலி இடத்தை எப்படி மொழிபெயர்ப்பது? அந்தப் பத்து வரியையும் அப்படியே விட்டுப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பக்கம் போடுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையில் பேப்பரைப் பிரித்தால் அந்த இடத்தில் வானிலைச் செய்தி இருந்தது.

அதே வருஷம் ஆகஸ்ட் 9. இதில் தப்பு என்னுடையது. ஏமனின் சாடா மாகாணத்தில் தஹ்யான் என்ற ஊர்ச் சந்தையில் நின்றிருந்த பஸ் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். கோடைக்கால வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா கிளம்பிய பஸ் அது. பஸ்ஸுக்குள் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்ததைப் பிள்ளைகளில் ஒருவனே போனில் படம் பிடித்திருந்தான். பிறகு வந்த படங்களில் யுனிசெஃப் எழுத்து போட்ட நீலநிறப் புத்தகப் பைகள், புழுதியும் ரத்தமுமாக. 51 பேர் இறந்தார்கள், அவர்களில் 40 பேர் குழந்தைகள் என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கு சொன்னது. நான் போட்ட தலைப்பு: ‘ஏமனில் குண்டுவீச்சில் சிக்கிக் குழந்தைகள் பலி’.

ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். இரண்டே வரி. “சிக்கி என்கிறீர்களே, அவர்களாகப் போய்ச் சிக்கினார்களா? பலி என்கிறீர்களே, கொடுத்தது யார்?”

எனக்குச் சுருக்கென்றது. போட்டது சவூதி தலைமையிலான கூட்டணி. இது முறையான ராணுவ நடவடிக்கை என்று அன்றே அவர்கள் சொல்லியும்விட்டார்கள். ஏஜென்சி செய்தியில் அது இருந்தது. தலைப்பில் இடமில்லை என்று நான்தான் விட்டேன். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் ஓடும், அது ஒரு வசதி. ‘கொல்லப்பட்டனர்’, ‘உயிரிழந்தனர்’, ‘பலியாகினர்’. மூன்றிலும் கொன்றவன் கிடையாது. இடி விழுந்த மாதிரி, வெள்ளம் வந்த மாதிரி. உலகம் முழுக்கக் கண்டித்த பிறகு, செப்டம்பர் 1-ஆம் தேதி அதே கூட்டணி தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செய்திக்கு உள்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கண்டனம் வெறும் வார்த்தை என்றால், அதிலிருந்து தன் பெயரை எடுக்க ஏன் இவ்வளவு பாடு படுகிறார்கள்? ஐ.நா. பொதுச் செயலாளர் வருஷா வருஷம் குழந்தைகளும் ஆயுத மோதலும் பற்றி ஓர் அறிக்கை தருகிறார். அதன் பின்னிணைப்பில் யார் யார் என்று பெயரோடு ஒரு பட்டியல். கொல்வது, ஊனமாக்குவது, படையில் சேர்ப்பது, பாலியல் வன்முறை, கடத்துவது, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்குவது, இவற்றுக்காகப் பெயர் ஏறும். அந்தப் பட்டியலுக்கு ஜெயிலும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஆனாலும் 2016 ஜூனில் அந்தச் சவூதி கூட்டணியின் பெயர் அதில் வந்தபோது நாலைந்து நாளில் நீக்க வைத்தார்கள். ஐ.நா.வுக்குத் தரும் நிதி நின்றுபோனால் வேறு லட்சக்கணக்கான குழந்தைகள் அவதிப்படுவார்கள் என்று யோசித்துத்தான் எடுத்தேன் என்று அன்றைய பொதுச் செயலாளர் பான் கீ மூன் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அது கேவலமாகத்தான் பட்டது. ஆனால் வெறும் வார்த்தைக்கு யாராவது அந்த விலை வைப்பார்களா?

பட்டியலிலிருந்து ஒழுங்காக வெளியே வரவும் வழி உண்டு. இன்னின்னதைச் செய்கிறேன் என்று ஐ.நா.வோடு கையெழுத்துப் போட்டு, செய்து காட்ட வேண்டும். நேபாளத்தில் மாவோயிஸ்டுகள் 2009 டிசம்பரில் அப்படிக் கையெழுத்துப் போட்டார்கள். சிறுவயதில் படையில் சேர்க்கப்பட்டவர்கள் என்று ஐ.நா. சரிபார்த்திருந்த ஏறக்குறைய 3,000 பேரை விடுவிக்கும் வேலை அடுத்த வருஷத் தொடக்கத்தில் நடந்தது.

2024-ஆம் வருஷத்தில் மட்டும் குழந்தைகளுக்கு எதிராக நடந்ததாக ஐ.நா. சரிபார்த்த கொடுமைகள் 41,370. சரிபார்த்த என்பதை அழுத்திப் படி. விசாரித்து, ஒத்துப்பார்த்த பிறகே ஒன்று கணக்கில் ஏறும். சரிபார்க்க முடியாமல் போனது இதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எதிரியைக் கண்டிப்பது சுலபம். 1919-இல் லண்டனில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண் தன் சொந்த அரசாங்கத்தைக் கண்டித்தார். முதல் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டன் முற்றுகையை விடாததால் ஆஸ்திரியாவில் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். நேற்று வரை எதிரியாக இருந்தவர்களின் குழந்தைகள். எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்ததற்காகக் கைது செய்து 5 பவுண்டு அபராதம் போட்டார்கள். அவருக்கு எதிராக வாதாடிய அரசு வக்கீலே அந்த 5 பவுண்டைத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். அந்த அம்மா எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனத்தைத்தான் 1924-இல், ஐ.நா.வுக்கு முன்பு இருந்த உலக நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்டது. இதற்கெல்லாம் அப்புறம், 1949-இல்தான் போரில் சிக்கிய பொதுமக்களுக்கென்று தனியாக ஒரு ஜெனீவா உடன்படிக்கை வந்தது. (பார், ‘சிக்கிய’ என்று நானே எழுதிவிட்டேன். பழக்கம் சும்மா விடுமா?)

சின்ன வயசில் உனக்கு ஒரு கதை சொல்வேனே, சோழ ராஜா கிள்ளிவளவன் கதை. பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். ஒரு புலவர் போய் நேருக்கு நேர் நிற்கிறார். நீ எப்பேர்ப்பட்ட வம்சம், இவர்கள் எப்பேர்ப்பட்டவர்களின் பிள்ளைகள் என்கிறார். யானையைப் பார்த்து அழுத அழுகையைக்கூட மறந்து புது இடத்தை மிரண்டு பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைக் காட்டுகிறார். சொல்லிவிட்டேன், கேட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். “அவன் கேட்காமல் போயிருந்தால்?” என்று நீ கேட்பாய். நானும் தெரியாது என்று சொல்லி உன்னைத் தூங்க வைப்பேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புலவர் பொத்தாம்பொதுவாக வருத்தம் தெரிவிக்கவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம், யாரைப் பற்றியோ அவர்களைக் கையால் காட்டிச் சொன்னார்.

அதனால் அந்த அறிக்கையின் வரைவை எனக்கு அனுப்பி வை. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எங்கே போட வேண்டும் என்று குறித்து வியாழக்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். குண்டு போட்டது யார், எந்தத் தேதி, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், கணக்கு சொன்னது யார், இவ்வளவும் அதில் வரட்டும். ‘ஆழ்ந்த’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் அடித்துவிடுவேன், உன் ஆபீஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கப்புறமும் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

அன்புடன்,
அப்பா