கொடைக்கானல் வானியல் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: மூன்றாம் தீர்மானமும் கணக்கு வாத்தியாரும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்தச் சாரலிலும் மேல்மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் 12இல் 11 நடந்தன. அக்டோபர் கூட்டம் மழையோடு போயிற்று. வானம் பார்க்கக் குறித்த இரவுகளில் பாதிக்கு மேல் மஞ்சு மூடிக்கொண்டது. இந்த வாக்கியத்தைப் போன ஆண்டு அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். மே மாதம் சுற்றுலா சீசன் விளக்கு வெளிச்சத்துக்குப் பயந்து மன்னவனூர் போனோம். துலாம் ராசிப் பக்கம் 4 வெஸ்டா என்ற சிறுகோளை, அதாவது சூரியனைச் சுற்றும் பாறையை, பைனாகுலரில் எல்லோரும் பார்த்தார்கள். “இது வெறும் புள்ளிதானே சார்?” என்று ஒரு பையன் கேட்டான். புள்ளிதான். 1807இல் அதைக் கண்ட ஓல்பர்ஸ் பெயர் சூட்டும் உரிமையைக் கணித மேதை காஸிடம் விட்டார். காஸ் ரோமானியரின் அடுப்படித் தீத் தெய்வத்தின் பெயரை வைத்தார் என்று சொன்ன பிறகு, அதே பையன் வரிசையில் மறுபடி வந்து நின்றான்.

இனி, எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயம். போன பொதுக்குழுவின் மூன்றாம் தீர்மானம்: “சங்கத்தைத் தொடங்கி மறைந்த நம் கணக்கு வாத்தியார் பெயரில் ஒரு சிறுகோள் அமைய ஆவன செய்வது.” கைதட்டி நிறைவேற்றிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டீர்கள். ஆவன செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

அதே வாரம் உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தில் இணையத்தில் பணம் கட்டி, வாத்தியார் பெயரில் நட்சத்திரச் சான்றிதழ் ஒன்றை வாங்கிவந்தார். கண்ணாடிச் சட்டம், தங்க நிற முத்திரை எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பெயர் விற்றவரின் பதிவேட்டைத் தாண்டி எங்கும் செல்லாது. வானத்துப் பெயர்களை ஏற்கும் அமைப்பு சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயரை விற்பதில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்: ஒரு காலத்தில் வானியலாளரே விற்கப் பார்த்ததுண்டு. வியன்னாவில் பலிசா என்பவர் 1886 சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போகப் பணம் திரட்ட, 50 பவுண்டுக்குத் தான் கண்ட சிறுகோளின் பெயர் உரிமை தருவதாக அறிவித்தார். ரோத்ஸ்சைல்டு குடும்பத்துப் பிரபு ஒருவரின் மனைவி பெயர் 250 பெட்டினா ஆனது அப்படித்தான்.

இப்போதைய நடைமுறை நீளம். புதிதாகக் கண்ட சிறுகோளுக்கு முதலில் கிடைப்பது, புது பைக்கில் ஒட்டும் டெம்பரவரி நம்பர் போன்ற ஒன்று. நம் காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ராஜமோகன் கண்டது 1988 டிகியூ1. ஆண்டை 24 அரை மாதங்களாகப் பிரித்து எழுத்து கொடுப்பார்கள். பிப்ரவரி பின்பாதிக்கு டி. அடுத்துள்ள கியூ1, அந்த அரை மாதத்தில் 41ஆவது கண்டுபிடிப்பு என்று கணக்கு. சூரியனுக்கு நேர் எதிரே வரும் பருவங்களில், பெரும்பாலும் நான்கு முறையாவது அதைப் பார்த்துப் பாதை உறுதியான பிறகே நிரந்தர எண். அதன் பிறகு பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டு உரிமை. டிகியூ1தான் இன்று 4130 ராமானுஜன். நம் வாத்தியார் கேட்டிருந்தால் கரும்பலகையில் அந்த 41ஐ நிரூபிக்காமல் மணி அடிக்க விட்டிருக்கமாட்டார்.

அதாவது, நம் தீர்மானத்துக்கு அங்கே மதிப்பில்லை. பெரும்பாலும் கண்டுபிடித்தவர் ஒருவர் மனம் வைக்க வேண்டும். ஜப்பானில் 1988இல் கண்ட 4538க்கு 2015இல் நம் செஸ் ஆனந்தின் பெயரை இட்டு ‘விஷியானந்த்’ ஆக்கினார்கள். இங்கே அப்சர்வேட்டரிக்கு 1960இல் இயக்குநராக வந்த வைணு பாப்புவின் பெயர் கொண்ட 2596, சிலி நாட்டில் ரிச்சர்ட் வெஸ்ட் கண்டது.

மற்ற விதிகளால் ஜூலை கூட்டமே சூடானது. பெயர் இடைவெளியையும் சேர்த்து 16 ஆங்கில எழுத்துக்குள் அடங்க வேண்டும். கணக்கு வாத்தியாரை எண்ணிப் பார்த்தோம்: ஏழு, ஒரு இடைவெளி, எட்டு. சரியாக 16! ‘வாத்’துக்கு இரண்டு ‘ஏ’ போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த உறுப்பினரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரமாயிற்று. இன்னொருவர் முன்னாள் முதல்வர் ஒருவரின் பெயரைக் கொண்டுவந்தார். அரசியல்வாதி என்றால் மறைந்து நூறாண்டு கழியட்டும் என்பது விதி; 2309க்குக் கண்டுபிடித்தவர் தன் பூனையின் பெயரான ‘மிஸ்டர் ஸ்பாக்’கை வைத்ததிலிருந்து செல்லப்பிராணிகளையும் ஊக்குவிப்பதில்லை.

செப்டம்பரில் சென்னை வானாய்வகத்து போக்சன் பற்றிப் பேச்சு நடந்தது. அந்த வானாய்வகத்தின் வானியல் வேலைதான் 1899இல் நம் மலைக்கு ஏறியது. அவர் 1861இல் சென்னையிலிருந்து கண்டது 67 ஆசியா. இந்தக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கண்ட 42 ஐசிஸ் எகிப்தியத் தெய்வத்தின் பெயர். மகள் ஐசிஸை நினைத்து வைத்தது என்றும் சொல்வார்கள். அந்த மகள் 1873இலிருந்து சென்னையில் அப்பாவுக்கு உதவியாளர், சம்பளம் 150 ரூபாய். பெயரில் கோள், கையில் சமையல்காரர் கூலி. பெண் உறுப்பினர்கள் பக்கத்திலிருந்து வந்த முணுமுணுப்பையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தீர்மானத்தை அப்படியே கைவிடவில்லை. ஹவாய் தீவுகளின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களில் நகரும் புள்ளியைத் தேடும் பயிற்சியில் நாயுடுபுரத்துப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சேர்த்தோம். இதுவரை சிக்கியவை எல்லாம் ஏற்கெனவே எண் பெற்றவை, ஒன்று மட்டும் படத்தின் கீறல். அடுத்த படத்தொகுப்பு ஜூனில். மடிக்கணினி இரவல் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி நான்கு பேர். பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

செயலாளர்,
கொடைக்கானல்