மயிலையும் காக்கணும், வெள்ளாமையையும் காக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்லடம், சூலூர் பக்கம் மக்காச்சோளம் முளைவிட்டதும் மயில்கள் கிளறித் தின்றுவிடுகின்றன. தக்காளியில் பழுத்ததாகப் பார்த்து ஒரு கொத்து. அந்தப் பழம் சந்தைக்கு ஆகாது. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிய இடங்களில் மாடிச் சுவரிலேயே வந்து நிற்கின்றன.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைப்பது கொடுமை, அதை யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் பழைய சேலையையும் பட்டாசையும் நம்பி எத்தனை நாள் வெள்ளாமை செய்வது?

தோகையைச் சிலிர்க்கும் மயில், 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மற்ற மயில்கள் அதை உணர்கின்றன. ஒலியியல் தெரிந்தவர்கள் இதை வைத்து, மயிலுக்குத் தீங்கில்லாமல் விலக்கும் வழி உண்டா என்று எங்கள் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாமே! கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும், ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையமும் இருக்கின்றன. குள்ளநரி அருகியதற்கும் மயில் பெருகியதற்கும் தொடர்பு உண்டா என்பதையும் இவர்கள் சேர்ந்து ஆராய வேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, ஆடிப்பட்டத்துக்கு முன்பே உழவர் சந்தைகளில் கொடுக்க வேண்டும்.

- ஒரு விவசாயி, பல்லடம்