குறிப்பில் அந்தச் சொல்லையே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் துடைக்கும்போதோ சிறுநீர்க் குழாய் போடும்போதோ தாதியின் மேல் கைவைக்கும் நோயாளிகள் எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. இலங்கை மலையகத்தில் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் சொன்ன இரட்டை அர்த்தம் சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்குப் புரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார். கடைசியில் தாதி எழுதும் நோயாளிக் குறிப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு வரி விழும். இரவு வேலைக்கு வருபவர் அதைப் படித்து எதை விளங்கிக்கொள்வார்? நேரம், தொட்ட இடம், பேசிய சொல், கூட இருந்தவர், தாதி செய்தது எல்லாம் எழுதப்பட வேண்டும். தமிழ்ச் சொல்லைத் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் தமிழிலேயே எழுதிக் கொடுக்கட்டும். அதில் எழுதுபவர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சிரித்துச் சமாளித்தால் நோயாளி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். “கையை எடுங்க. இப்படித் தொட்டா வேலையை நிறுத்திடுவேன்” என்று சாதாரணக் குரலில் ஒருமுறை சொன்னால் போதும். மறுபடி நடந்தால் போர்வையை மூடி, கட்டில் கம்பியை உயர்த்திவிட்டு விலகி, இன்னொருவரோடு திரும்பி வரலாம். ஊசியோ குழாயோ பாதியில் நின்றால் முதலில் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். கை அசைக்க முடிந்தவரிடம் ஈரத் துவாயைக் கொடுத்துவிட்டால் மறைவிடத்தை அவரே துடைத்துக்கொள்வார். குழாய் போடும்போது விறைப்பது பெரும்பாலும் அனிச்சைதான்; மூடிவிட்டுச் சற்றுப் பொறுக்கலாம், அதைப் புகாராக்க வேண்டாம்.

நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென மாறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கடும் காய்ச்சல், இரத்தத்தில் சோடியக் குறைவு, தலைக்காயம், பார்கின்சன் எனும் நடுக்குவாதத்துக்கான சில மருந்துகள் எதுவும் காரணமாகலாம். தினமும் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடித்தவர் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்து, குடி நின்ற இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறுவதும் அப்படித்தான். அவரைத் திட்டிப் பயனில்லை. குறிப்பு மட்டும் அப்போதும் வேண்டும்.

தெளிந்த புத்தியோடு செய்பவர் கதை வேறு. 1995 திருத்தத்துக்குப் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் சொல்லால் தரும் பாலியல் தொந்தரவும் குற்றம். 5 ஆண்டுவரை சிறை உண்டு. அவருக்கும் வலி மருந்தை நிறுத்த முடியாது. வேறு ஆள் கொடுப்பார். அந்த வேறு ஆள் பயிற்சித் தாதியாக இருக்கக் கூடாது. ‘அனுசரிச்சுப் போ’ என்று சின்னப் பிள்ளையை அனுப்பிவைக்கும் பழக்கம் எங்களிடமே இருக்கிறது.

ஒரு நாள் பேரை (தோட்டத்து நாட்கூலியை) விட்டுவிட்டுப் பார்க்க வரும் மனைவியிடம் நாலு பேர் முன்னால் இதைச் சொல்லி ஏசாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் தனியே கூப்பிட்டு, டாக்டர் இருக்கும்போது சொல்லுங்கள்.

தாதியர் சிலர்,
நுவரெலியா மாவட்டம்