ஊர்வலம் சரி, யூனிட் கணக்கை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 14-இல் தொடங்கும் மின் சிக்கன வாரத்துக்காக மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போன படத்தைத் தங்கள் இதழில் பார்த்தேன். 'மின் சிக்கனம் தேவை இக்கணம்' என்று எழுதியிருந்தது. எதுகை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விருதுநகரில் இருபது வருடமாக எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன், அந்த வாசகத்தைப் படித்துவிட்டு ஒருவர்கூட என் கடைப் படியேறியதில்லை. "அண்ணாச்சி, இதை மாட்டினா கரண்ட் பில் எவ்வளவு குறையும்?" என்றுதான் வருகிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதாகையிலும் பதில் இல்லை.

பதிலும் வீட்டுக்கு வீடு வேறு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புது வகை பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 28 வாட்ஸ் போதும். தினம் 14 மணி நேரம் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 80 யூனிட் அளவுக்கு மிச்சம். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். (அப்புறம் கட்டணம் கொஞ்சம் ஏறிவிட்டது, கணக்கின் போக்கு அதேதான்.) இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓட்டும் வீடு 480-க்கு இறங்கினால் பில் 2,430-லிருந்து 1,605 ரூபாய் ஆகும். 500-ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் இரட்டிப்புக் கட்டணம் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். அதே இரண்டு ஃபேன், 180 யூனிட் ஓட்டும் வீட்டில் 180 ரூபாய்தான் மிச்சம் பிடிக்கும். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் முதல் வீட்டில் ஒன்றேகால் வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். இரண்டாவது வீட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். இலவச 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்பவருக்கோ ஒரு பைசா மிச்சமில்லை.

அவரிடம் போய் 'பணம் சேமியுங்கள்' என்றால் சிரிக்கத்தானே செய்வார்? ஆனால் அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போன ராத்திரியில் இந்த ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும் என்று சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார். எனக்கு வியாபாரம் ஆகவேண்டும் என்பதும் உண்டு, மறைக்கவில்லை.

2015 ஜனவரியில் மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு தரும் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்து, நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்தன. அதில் பிரசாரத்துக்கும் பங்கு இருக்கலாம். என்னைக் கேட்டால், விலை கைக்கெட்டும் அளவுக்கு இறங்கியதுதான் காரணம். மலிவாகாத பொருளுக்குக் கணக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதனால் மின்வாரியத்துக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. ரீடிங் எடுத்ததும் கட்டவேண்டிய தொகை செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அதிலேயே 'இன்னும் 12 யூனிட் குறைந்திருந்தால் உங்கள் பில் இவ்வளவுதான் வந்திருக்கும்' என்று ஒரு வரி சேர்க்கலாம். ஊர்வலம் போகும் பிள்ளைகளுக்குப் பதாகையோடு மீட்டர் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கலாம். இப்போதுள்ள மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக ஓடும். எந்த எண் யூனிட் என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் பார்த்து, ஓடியது 250 யூனிட்டைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், மீதி முப்பது நாளில் ஏ.சி. ரிமோட்டை 20-லிருந்து 24-க்கு யாரும் சொல்லாமலே மாற்றுவார்கள்.

நான் சொல்லி, சில வாடிக்கையாளர்கள் மாதக் கடைசியில் மீட்டரைப் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள். பாதிப் படங்களில் தேதிதான் விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு எலெக்ட்ரிகல் கடைக்காரர்,
விருதுநகர்