ஜாம் போத்தல் விளக்கு

வெள்ளவத்தை,
2022 ஜூலை 3

அன்புள்ள ராசாத்தி,

உன்னுடைய மூன்று குரல்பதிவுகளுக்கும் பதில் போடாமல் இருந்தது பிழைதான். கோபிக்காதே. எல்லோரும் சுகம். இவருடைய பிரஷர் மாத்திரை இந்த மாதத்துக்கு இருக்கிறது. மகன் வளர்ந்து கதவுநிலையில் தலை முட்டிக்கொள்கிறான். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை தள்ளிப்போய்விட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறொன்றும் எழுத மாட்டேன், விடு. உன் சின்ன மாமி போன கிழமை போன் எடுத்து, நீ மெலிந்துபோனாய் என்று அரை மணித்தியாலம் குறைப்பட்டார். உடனே நல்லதாக ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பு. இல்லாவிட்டால் அடுத்த அரை மணித்தியாலமும் எனக்குத்தான்.

"நாட்டில் டொலரும் இல்லை, எண்ணெயும் இல்லை என்ற இந்தச் செய்தியெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படியடி நித்திரை கொள்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். மார்ச், ஏப்ரலில் நித்திரையே இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடிய இரவு விடிய விடியப் போனும் கையுமாக இருந்தேன். பிறகு அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, பேஸ்புக் முடக்கம். மே 9ஆம் திகதி காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்களுக்குள் புகுந்து பிள்ளைகளை அடித்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. பார்த்தால் கை நடுங்கும். வைத்துவிட்டுப் போனால், பார்க்காத நேரத்தில் ஏதும் நடந்துவிடுமோ என்று திரும்ப எடுப்பேன். மகன்தான் ஒருநாள் போனைப் பிடுங்கி அரிசிப் பேணிக்குள் வைத்து மூடினான். "அம்மா, காலையில் ஒருக்கா, இரவில் ஒருக்கா. அவ்வளவும் காணும்" என்றான். அவன் சொன்னபடியேதான் இப்போதும் நடக்கிறேன்.

சரி, மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மே நடுப்பகுதியில் காஸ் முடிந்தது. 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860க்கு ஏறியதைப் பெரிய கதையாகக் கதைத்தோம். இப்போது அந்த விலைக்கும் இல்லை. தெருவோரத்தில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் இருக்கிறார்கள். ஒன்று மாறி ஒன்றாக மூன்று நாள் நானும் போய் நின்றேன். அந்த வரிசையில்தான் நீ அனுப்பிய பொட்காஸ்டைக் கேட்கத் தொடங்கினேன். ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று ஒருவர் அவசரமில்லாமல் கதைப்பாரே, அதுதான். நீ அனுப்பியபோது, இவளுக்கு வேலையில்லை என்று நினைத்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு போவேன். ஒரு காதில் அவர், மற்றக் காது வரிசைக்கு. மூன்றாம் நாள் முன்னால் நின்ற அம்மா "என்ன பிள்ளை கேட்கிறாய்?" என்று கேட்டார். வயரைக் கழற்றிவிட்டுச் சத்தமாக வைத்தேன். ஐந்தாறு பேர் சிலிண்டர்களின் மேல் குந்திக்கொண்டு கேட்டோம். தன் ஊர்ப்பெயர் வரவில்லையே என்று ஒருவருக்கு மனவருத்தம் வேறு.

எனக்கு அப்போது உங்கள் கோண்டாவில் வீட்டு முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது. அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. அண்ணாவுக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துபோகும். கொய்யாமர வீட்டு மாமா "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார். நாங்கள் கேட்டது நல்ல செய்தியே இல்லை. ஆனாலும் அந்த முற்றத்தில் இருபது பேர் ஒன்றாக இருந்து கேட்டதால் அதைத் தாங்க முடிந்தது. இந்த வருடம் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், தனித்தனிப் போனில் அல்லவா கேட்கிறோம். மார்ச் மாதம் எனக்கு நெஞ்சடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது வாசிப்பு. உனக்குத் தெரியாததா, 95 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டபோது பெட்டிக்குள் வைத்த மல்லிகைச் சஞ்சிகைக் கட்டை நாவற்குழிப் பாலத்துக்கு முன்பே இறக்கி வைத்துவிட்டு அம்மம்மாவைத் தூக்கினோம். அந்த இதழ்களை இப்போது நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடி வாசிக்கிறேன். அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தார்களே, நினைவிருக்கிறதா? ஆசிரியர் டொமினிக் ஜீவா அதற்கும் தாள் தேடி அலைந்தவர். இங்கே இந்த மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். பத்திரிகைகள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. கொழும்பில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். எனக்கோ அந்தக் கொப்பித் தாளின் நீலக் கோடு, அதன் மேல் மங்கலாக விழுந்த எழுத்து, வெயிலில் பிடித்து வாசித்தது எல்லாம் திரும்பி வந்தன. ஒரு சிறுகதையைக் கண்டுபிடித்தேன். 92இல் நீயும் நானும் பாதி வாசித்து, மிச்சப் பக்கம் கிழிந்துபோயிருந்ததே, அதேதான். முடிவு தெரியாமல் முப்பது வருடம்! உனக்கு இப்போது சொல்ல மாட்டேன். நீயே தேடி வாசி.

இரவில் கரண்ட் போனால் போன் வெளிச்சத்தில் வாசிக்க முடியாது, பற்றரி இறங்கிவிடும். ஏப்ரலில் ஒரு இரவு மெழுகுதிரியும் முடிந்துவிட்டது. இருட்டுக்குள் நின்றபடியே கை தானாக அலுமாரியைத் திறந்து வெறும் ஜாம் போத்தலை எடுத்தது. அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சின்னக் கம்பியை வளைத்து அதற்குள் நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. முப்பது வருடமாகச் செய்யாத வேலை, ராசாத்தி. மகன் "இதை எங்கே பழகினீங்கள்?" என்று வாயைப் பிளந்தான். கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் ஒரு போத்தலைச் சுற்றிக் குப்புறப் படுத்து ஓ.எல். சோதனைக்குப் படித்ததை, உன் தலைமயிர் ஒருநாள் பொசுங்கியதை, கணக்கு ரீச்சர் அடுத்த நாள் மணத்தை வைத்தே கண்டுபிடித்ததை எல்லாம் அன்றைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்துக் கேட்டான். பிறகு "ஏன் கரண்ட் இல்லை?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல இரண்டு இரவு தேவைப்பட்டது.

இனிச் சமையல். நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஆறு வீடு. எல்லோருக்கும் காஸ் இல்லை. மொட்டைமாடியில் மூன்று கல் வைத்து, தேங்காய்ச் சிரட்டையும் பொச்சும் பொறுக்கி எரிக்கிறோம். முதல் நாள் புகை கண்ணைக் கரித்தது, பானையடி கரியானது, சோறு அரைவேக்காடு. இரண்டாம் கிழமை பழகிவிட்டது. பொச்சு மெல்ல எரியும், சிரட்டை சட்டென்று எரியும். எதை எப்போது தள்ளுவது என்று கை அறிந்துகொண்டது. பால்மா இல்லை, பாண் விலையைக் கேட்கவே வேண்டாம், படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் மீனும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. சம்பல் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த ஒடியல் மா, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மா, ஒரு போத்தல் இருந்தது. நெத்தலிக் கருவாடு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு ஒரு சனிக்கிழமை கூழ் காய்ச்சினேன். நண்டும் இறாலும் இல்லாத கூழைக் கூழ் என்று சொல்லலாமோ என்று உன் அம்மா கேட்பார், தெரியும். ஆனால் ஒரு மணித்தியாலம் அந்தப் பானையைத் துழாவிக்கொண்டு நின்றபோது எனக்கு ஜனாதிபதியும் நினைவில் இல்லை, டொலரும் நினைவில் இல்லை. மா கட்டிபடக் கூடாது, அது மட்டும்தான் நினைவு.

ஆறுதல் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. போன கிழமை முதல் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் தெரு முச்சக்கரவண்டித் தம்பி வண்டிக்குள்ளேயே நான்கு இரவு படுத்தார். வரிசையில் நின்றே செத்தவர்களும் இருக்கிறார்கள். நான் மொட்டைமாடியில் கூழ் காய்ச்சிச் சந்தோஷப்படுகிறேனே என்று இருந்தது. ஒரு பேணியில் ஊற்றி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் உறைப்பாக இருந்திருக்கலாம்" என்றார். அதன் பிறகு கூச்சம் குறைந்தது.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயம். கீழ்வீட்டுச் சிங்கள அக்காவை உனக்கு நான் சொல்லியிருக்கிறேன், எட்டு வருடமாகப் படியில் கண்டால் சிரிப்பு, வருடப்பிறப்புக்குக் கொக்கிஸ், தீபாவளிக்கு முறுக்கு, அவ்வளவுதான். அந்தக் கூழ் நாள் பொழுதுபட அவர் மேலே வந்தார். ஜாம் போத்தலைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நங்கி (தங்கச்சி), இதை யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி, பெற்றோல், உரம், சீமெந்து என்று எதுவெல்லாம் வராது என்று சொன்னேன். ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியதைச் சொன்னேன். அவர் அடுப்பருகிலேயே குந்திவிட்டார். "எத்தனை மாதம்?" என்றார். "மாதமில்லை அக்கே, வருடம்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்களுக்கு இது தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, ராசாத்தி. மறைக்க மாட்டேன். தொண்டை வரைக்கும் வந்தது. ஏன் தெரியாது, ஏன் ஒருவரும் கேட்கவில்லை, காஸ் முடிந்த பிறகுதானா கேட்க வேண்டும்? பானையைத் துழாவிக்கொண்டே இருந்தேன். அகப்பை கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அவர் மெதுவாகத் தன் கதையைத் தொடங்கினார். 89இல் மாத்தறைப் பக்கம். விளக்கெரிக்கக் கூடாது என்று கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. இயக்கத்தின் கட்டளை, இருட்டுக்குள் இருந்தார்களாம். பிறகு வந்தவர்கள் அவருடைய அண்ணனைக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அவருடைய அம்மா சாகும்வரை முன்கதவைப் பூட்டவில்லையாம். எட்டு வருடம் ஒரே படியில் ஏறி இறங்குகிறோம், எனக்கும் இது தெரியாது. நானும் கேட்டதில்லை.

மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள் என்று படம் அனுப்பினேனே, அன்றைக்கு நான் போய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு அழுதேன். அதைவிட இந்த மொட்டைமாடிப் பேச்சு எனக்குக் கனமாக இருக்கிறது. இதனால் ஏதாவது மாறும் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை பெரிய ஊர்வலம் என்கிறார்கள். மகன் போவேன் என்கிறான், இவர் வேண்டாம் என்கிறார், நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அதோடு அவன் பாஸ்போட்டுக்கும் விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறான். ஒரே மேசையில் இரண்டும் கிடக்கின்றன, பதாகையும் படிவமும். எதைப் பார்த்தால் பயம் கூட என்று எனக்கே தெரியவில்லை. நீ "வா, வா" என்று குரல்பதிவில் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்து. வரவேண்டிய நேரம் வந்தால் உன்னிடம்தான் வருவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டால் என் அடுப்படியில் நிற்கவே எனக்குக் கால் வருவதில்லை.

அப்புறம், ஒரு உதவி. கீழ்வீட்டு அக்காவுக்குக் கூழ் பிடித்துவிட்டது. முறை கேட்கிறார். நான் கண் அளவில் போடுகிறவள், சொல்லத் தெரியவில்லை. உன் அம்மாவை இருத்தி, முதலிலிருந்து கடைசி வரை அவர் பாணியிலேயே சொல்லச் செய்து பதிவு பண்ணி அனுப்பு. ஒடியல் மாவை எத்தனை தரம் ஊறவைத்து வடிப்பது, பழப்புளி எப்போது, செத்தல் மிளகாய் எவ்வளவு, எல்லாம். இடையில் உன்னைத் திட்டினால் அதையும் வெட்டாதே. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் காஸ் வரிசைக்குப் போகிறோம், அங்கே இருந்து கேட்போம். நான் அவருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஆறு மணிக்குக் கரண்ட் போகும். போத்தலுக்குத் திரி மாற்ற வேண்டும். அக்கா தன் வீட்டிலிருந்து இரண்டு வெறும் போத்தல் கொண்டுவருகிறேன் என்றார்.

அன்புடன்,
உன் நெட்டைச்சி