மிதக்கிற லோரி வளைவில் எப்படித் திரும்பும்?

சுங்கை சிப்புட்

அன்புள்ள குணா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான்.

சின்னவன் கல்லூரிக்காக ஒரு கணினி விளையாட்டு செய்கிறான். தோட்டத்துச் செம்மண் பாதையில் சக்கரமே இல்லாத லோரி, செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு மிதந்து போகிறது. அடியில் ஈர்ப்பு விசையை ரத்து செய்யும் பெட்டி! உள்ளே என்னடா இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறான்.

மேலே எழும்பட்டும், கதைதானே. வளைவில்தான் எனக்கு இடிக்கிறது. எடை போனாலும் நிறை போகாது. 10 டன் குலை ஓட ஆரம்பித்துவிட்டால் நேராகவே ஓடப் பார்க்கும். டயர் தரையைக் கவ்வுவதால்தான் கோயில் முக்கில் லோரி திரும்புகிறது. மிதக்கிற வண்டி மூக்கை மட்டும் திருப்பிக்கொண்டு, உடம்போடு கால்வாயில் போய் இறங்கும். 1995இல் வந்த வைப்அவுட் என்ற மிதக்கும் வண்டிப் பந்தய விளையாட்டில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஏர் பிரேக், அதாவது காற்றைத் தடுத்து வண்டியை அந்தப் பக்கம் திருப்பும் பிரேக், வைத்தது சும்மா இல்லை.

அப்புறம் உள்வேலையைக் காட்டினான். வண்டியின் நாலு மூலையிலிருந்தும் கீழே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று தரையைத் தொட்டு உயரத்தை அளக்கிறது. தரை நெருங்கினால் மேலே தள்ளும் விசை கூடும், விலகினால் குறையும். துள்ளலை அடக்கத் தனியாக ஒரு கணக்கு. டயரைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் விட்டுவைத்த மாதிரிதான்! ஈர்ப்பு பாட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் வழுக்கும் வேகத்தை ஆடுகிறவனுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுகிறான். அந்தக் களவு இல்லாவிட்டால் ஒரு வளைவுகூடத் தாண்ட முடியாதாம்.

நிஜத்திலும் இதே கதைதான். மணிக்கு 431 கிலோமீட்டர் வரை ஓடிய ஷாங்காய் காந்த ரயிலைத் தூக்குவதும் காந்தம், பாதையோடு பிடித்துவைப்பதும் காந்தம். சாதாரணப் பொருளின் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்களால் ஆன எதிர்ப்பொருளாவது மேலே விழுமா என்றால், 2023இல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் எதிர்ஹைட்ரஜனை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் கீழேதான் விழுந்தது.

குலை ஏற்றிய லோரி காலி லோரி மாதிரி திரும்பக் கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். "அப்படி வைத்தால் ஆடுகிறவன் தூங்கிவிடுவான்பா" என்கிறான். நீ ஆலைக்கு லோரி ஓட்டியவன். முழுப் பாரத்தோடு வரும்போது கோயில் முக்குக்கு எவ்வளவு தூரம் முன்னாலேயே பிரேக்கில் கால் வைப்பாய்? எழுது. குணா மாமா சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
சேகர்